சிம்னிக் குழாய்க்குள் கனைப்பது யார்?

1

எங்கள் வீட்டுச் சமையலறையில் யாரோ கனைக்கிறார்கள் என்று முதலில் சொன்னவன் நான்தான். பிற்பகல் ஒன்றரை மணி இருக்கும். சாப்பிட்டுவிட்டு ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி சொர்ணம் எதிரே உட்கார்ந்து தட்டில் மீதமிருந்த அப்பளத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் ஹாலில். அப்படியானால் உள்ளே கனைத்தது யார்?

"சொர்ணம், நீயா இருமுன?"

"நான் உங்க முன்னாலதான இருக்கேன்."

"உள்ள யாரோ கனைக்காவ."

"அவியளுக்கு ஒரு தம்ளர் தண்ணி குடுத்துட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவளும் இருமினாள்.

அன்றைக்குப் பிடித்த குழப்பம் நாலு மாதம் என்னை விடவில்லை. எது சொர்ணத்தின் இருமல், எது சமையலறையின் இருமல் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலைமைக்கு வந்துவிட்டேன். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் "பம்பாயில எப்படி இருக்கிய?" என்று கேட்டால் "இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். விவரமாகச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதும் இதில் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துப் பக்கமிருந்து ரயிலேறி முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. முப்பத்தைந்து வருடம் தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் இருந்தோம். மூன்று வருடமாக சுனாபட்டியில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் இருக்கிறோம். துறைமுகச் சரக்கு கிளியரிங் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே மகன் முத்துக்குமார், மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டு முலுண்டில் இருக்கிறான்.

2

தாராவியில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் சொந்தக்காரர் உண்டு. இடப்பக்கச் சுவரில் தடதடவென்றால் தையல் மெஷின். வலப்பக்கம் விசில் என்றால் மணி பதினொன்று, அந்த வீட்டில் பருப்பு. தகரத்தின் மேல் எலி ஓடினால் எந்த எலி என்பதுகூட ஓரளவுக்குத் தெரியும். ஒன்பதாவது மாடிக்கு வந்த பிறகு இங்கே கேட்கிற சத்தம் யாருடையது என்று கேட்டால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

சிம்னி என்று நான் சொல்வது ரைஸ் மில் புகைபோக்கி இல்லை. அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் எஃகுப் பெட்டி. உள்ளே மின்விசிறி உண்டு. அது புகையை இழுத்து, ஒரு சாண் அகல அலுமினியக் குழாய் வழியாக, பரணுக்கு மேலே கொண்டுபோய், சுவரில் உள்ள ஓட்டையில் வெளியே தள்ளிவிடும். மகன் வாங்கி மாட்டியது. தாளிக்கிற புகை அம்மாவுக்கு ஆகாது என்றான். சத்தம் அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது. சில நேரம் கரக் கரக் என்று பிறாண்டல். சில நேரம் தகரத்தைத் தட்டுவது போல டக் டக். இடையிடையே அந்தக் கனைப்பு.

முதலில் எலி என்றேன். பரணில் பசை அட்டை வைத்தேன். இரண்டு நாளில் அதில் அகப்பட்டது கொடியிலிருந்து பறந்துபோன என் பனியன் ஒன்றுதான். பிறகு பல்லி என்றேன், தண்ணீர்க் குழாயில் அடைபட்ட காற்று என்றேன். அந்துருண்டை போட்டேன், சமையலறை முழுக்க நாறியது. ஆபீஸ் புத்தி போகுமா? காலண்டர் தாளில் சத்தம் கேட்கும் நேரத்தைக் குறித்து வைத்தேன். காலை ஆறு, மத்தியானம் ஒன்று. தினமும் தவறாமல் மத்தியானம் ஒன்று. மேல்மாடிக்காரர் சாப்பிட்டதும் நாற்காலியை இழுக்கிறார் என்று முடிவு கட்டினேன். விசாரித்தால் அவர்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

எங்கள் கட்டடத்துச் சொசைட்டி செக்ரட்டரியிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, "ஆவாஜ் அந்தர் ஸே ஹை யா பாஹர் ஸே?" என்றார். சத்தம் வீட்டுக்கு உள்ளே இருந்தால் அது வீட்டுக்காரர் பொறுப்பு. சுவருக்கு வெளியே இருந்தால் சொசைட்டி பொறுப்பு. நான் யோசித்துவிட்டு, "பீச் மே" என்றேன். சுவரின் நடுவில் இருக்கிற சத்தத்துக்கு விதி இல்லையாம். வார்டு ஆபீஸுக்குப் போகச் சொன்னார்.

அங்கே கிளார்க் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிராணியின் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கிறதாம். எது என்று கண்டுபிடிக்கத்தானே வந்திருக்கிறேன் என்றேன். எலி என்று எழுதினால் அந்த மேஜை, கொசு என்று எழுதினால் இந்த மேஜை, ஒன்றும் எழுதாவிட்டால் மேஜை இல்லை என்றார். போதாததற்கு என் இந்தியையும் திருத்தினார். "ஆதா ஹை நஹீ அங்கிள், ஆவாஜ் ஆதீ ஹை." முப்பத்தெட்டு வருடத்தில் சத்தம் பெண்பால் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மகனுக்குப் போன் போட்டேன். "அப்பா, உங்களுக்கு டைம் பாஸ் ஆகலை. சிம்னிவாலாவைக் கூப்பிட்டு பைப்பைத் திறந்து பாருங்க, கதம், அவ்வளவுதான்," என்றான். சரியான யோசனைதான். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் அடுத்ததை எழுதுகிறேன்.

குழாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்தக் கனைப்பு என் அப்பாவின் கனைப்பு மாதிரி இருந்தது.

3

அப்பா வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று ஒரு கனைப்பு கனைப்பார். அதற்குப் பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். ஐந்து வருடத்துக்கு முன்னால், ஊரடங்கில் ரயில் ஓடாத நாட்களில், அவர் இறந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான். தம்பி வைத்தான். தாராவி அறையில் சுவரோரமாக உட்கார்ந்து போனில் பார்த்தேன். சரியாக அந்த நேரத்தில் படம் உறைந்துவிட்டது. திரும்ப வந்தபோது புகைதான் தெரிந்தது. எனக்கு அது ஆறவில்லை. இன்றுவரை ஆறவில்லை.

அதிலிருந்து தினமும் மத்தியானம், நான் வாயில் ஒரு பருக்கை போடும் முன், காக்காய்க்குச் சோறு வைக்கிறேன். அமாவாசைக்கு மட்டும் வைத்தால் போதும் என்பார்கள். எனக்குப் போதவில்லை. தாராவியில் தகரக் கூரை மேல் வைப்பேன், "கா கா" என்று கூப்பிடும் முன்பே நாலு காக்காய் நிற்கும். இங்கே வந்ததும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கிற சிமெண்ட் விளிம்பில் வைக்க ஆரம்பித்தேன். முதல் நாள் சோறு அப்படியே இருந்தது. மறுநாளும் அப்படியே. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒன்பது மாடி ஏற முடியாமல் அப்பா கீழேயே நிற்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்த வாரம் பாதி நாள் பட்டினிதான்.

பிறகு ஒருநாள் சோறு போய்விட்டது. சோறு வைத்தவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் காக்காய் வராது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் ஜன்னலைக் கை நுழையும் அளவே திறந்து சோறு வைத்துவிட்டு, கூப்பிட்டுவிட்டு, ஜன்னலை மூடி ஹாலுக்கு வந்துவிடுவேன். அது பால் கண்ணாடி, வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து சொர்ணத்தின் குரல் வரும்.

"எடுத்துட்டு. மாமா வந்துட்டாவ. கையக் கழுவிட்டு உக்காருங்க."

மூன்று வருடம், தினமும், இதே வார்த்தை. அதைக் கேட்டால்தான் எனக்குப் பசிக்கும்.

4

சொர்ணத்தின் இருமலை நான் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. கண்டுகொண்டேன், காரணத்தைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னேன். மிளகாய் நெடி என்றேன். சிம்னி புகையைச் சரியாக இழுக்கவில்லை என்றேன். சிம்னி இழுக்கவில்லை என்பது உண்மை, தாளித்தால் புகை திரும்பி முகத்தில் அடித்தது. லிஃப்ட் பழுதான ஒருநாள் அவளால் மூன்று மாடிக்கு மேல் ஏற முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அப்போதுதான் பயந்தேன்.

சயானில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனோம். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"கர் மே கபூத்தர் ஹை க்யா?"

வீட்டில் புறா இருக்கிறதா என்கிறார். நாங்கள் புறா வளர்க்கிறவர்கள் இல்லை என்றேன். வளர்க்க வேண்டாம், ஜன்னலில் வந்தால் போதும் என்றார். புறா எச்சம் காய்ந்து பொடியானால் அது மூச்சோடு உள்ளே போய் நுரையீரலைப் புண்ணாக்குமாம். சொர்ணத்துக்கு அதுதான் என்று சந்தேகப்படுகிறார். சிலருக்கு ஆறிவிடும், சிலருக்குத் தழும்பாகி இறுகிவிடும். இவளுக்கு எது என்பது மாத்திரையோடு மூன்று மாதம் புறா இல்லாத இடத்தில் இருந்துவிட்டு மறுபடி படம் எடுத்தால் தெரியும்.

"இறுகிவிட்டால்?" என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "மொதல்ல புறாவை விலக்குங்க," என்று ஒரு நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"எங்க ஜன்னலுக்குப் புறா வர்றதில்ல," என்று அடித்துச் சொன்னேன். சொர்ணம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே அவளை முலுண்டில் மகன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் நான் செய்த முதல் காரியம் பத்தாவது மாடி ஹன்ஸாபென்னோடு சண்டை. அந்த அம்மாள் தினமும் காலையில் ஒரு பையில் சோளம் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். "உங்கள் புறாவால்தான் என் மனைவி சாகக் கிடக்கிறாள்" என்று லிஃப்ட் வாசலில் வைத்துக் கத்திவிட்டேன். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் இடம் மாறி விழுந்தன. அவர் பயந்துபோய், சோளம் மைதானத்துக்குக் கொண்டு போவது, வீட்டில் ஒரு மணி போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.

5

டாக்டர் சொன்ன பிறகு தள்ளிப்போட முடியவில்லை. மறுநாளே குழாயைத் திறக்க ஆள் கூப்பிட்டேன், வந்தவர் சலீம் பாய். தாராவியில் பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரர். எங்கள் தமிழும் அவர் இந்தியும் கலந்து பேசுவார். முகத்தில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பரணில் ஏறினார். குழாயைக் கழற்றியதும் உள்ளேயிருந்து அந்தக் கனைப்பு வந்தது. இப்போது குழாய் இல்லை. வெறும் குரல். புறா குனுகுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அலுமினியக் குழாய்க்குள் போய் வளைந்து வந்தால் அது என் அப்பாவாகிவிடுகிறது.

"அண்ணா, எலி இல்ல. கபூத்தர். பூரா ஃபேமிலி இருக்கு," என்றார் சலீம் பாய். குச்சி, ஒயர் துண்டு, துடைப்ப ஈர்க்கு, காய்ந்து கெட்டியான எச்சம் என்று ஒரு கோணிப்பை நிறைய எடுத்தார். குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. விசிறியைப் போடும்போதெல்லாம் அந்தப் பொடி திரும்பி அடுப்படிக்கே வந்திருக்கிறது. இரண்டு குஞ்சுகள் இருந்தன. அவற்றை அட்டைப் பெட்டியில் வைத்து, பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கிற ஓரிடத்தில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

வெளிப்பக்கம் வலை கட்ட வேண்டும் என்று ஜன்னல் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அப்போது மணி ஒன்று ஆகப் போகிறது. நான் எட்டிப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு வெளியே இருபது புறாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஏசி பெட்டியின் மேல் எட்டு, விளிம்பில் பத்து, குழாய் ஓட்டையில் இரண்டு. எல்லாம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. என் தலையைக் கண்டதும் கழுத்தை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தன. அவற்றுக்கு என்னைத் தெரியும்.

"அண்ணா, இங்க டெய்லி யாரு சாவல்... சோறு போடுறது?" என்று கேட்டார் சலீம் பாய்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? எலி, பல்லி, மேல்மாடி, ஹன்ஸாபென் என்று நாலு மாதம் ஊர் சுற்றிவிட்டு என் கையில் வந்து நிற்கிறேன். இங்கே அப்பாவுக்கென்று வைத்த சோறு, ஒருநாள்கூட அப்பாவுக்குப் போகவில்லை. அதைத் தின்றவை சொர்ணத்தின் நெஞ்சைத் தின்றிருக்கின்றன.

சலீம் பாய் இன்னொன்றும் சொன்னார். "ஓட்டைக்குக் கீழே எச்சம் குவியலா இருக்கு. சோறு போடுற இடம் மட்டும் சாஃப். யாரோ தினம் பெருக்குறாங்க. மாஸ்க் இல்லாமப் பெருக்க வேணாம்னு சொல்லுங்க." கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒரு கட்டை வாரியல், தேய்ந்த துடைப்பம், செருகியிருந்தது. வீட்டில் அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது. நுனியெல்லாம் வெள்ளைப் பொடி.

6

சயான் வரை ஆட்டோ, அங்கிருந்து முலுண்டுக்கு ஸ்லோ டிரெயின். வண்டி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நான்தான் காரணம் என்று சொன்னால் தாங்குவாளா? மாமாவுக்குச் சோறு போகவில்லை என்று தெரிந்தால் உடைந்துவிடுவாளா? சமையலறையிலிருந்து "மாமா வந்துட்டாவ" என்று அவள் சொல்லும் குரல்தான் காதில் நின்றது.

மருமகள் பல்லவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சொர்ணம் சோபாவில் சாய்ந்திருந்தாள். சொல்லிவிட்டேன்.

"குழாய்க்குள்ள இருந்தது புறா, சொர்ணம். நான் வச்ச சோத்துக்கு வந்த புறா. காக்கா வரவே இல்ல."

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஒம்பதாவது மாடிக்குக் காக்கா எங்க வருது? மொத ஒரு வாரம் நீங்க பட்டினி கெடந்தியள்லா. அதப் பாத்துட்டு நாந்தான் சோத்த எடுத்து குப்ப டப்பால போட்டேன். பொறவு புறா வந்துட்டு. எனக்கு வேலை மிச்சம்னு இருந்தேன்."

"அந்த வாரியல்?"

"அது கண்டபடி கழிஞ்சு வைக்குமே. நீங்க மறுநா சோறு வைக்கும்போது பாத்தா புறான்னு தெரிஞ்சிரும்லா. அதான் தெனம் பெருக்கிருவேன்."

மூன்று வருடம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவள் இருபது புறாவை என் சோற்றில் மறைத்திருக்கிறாள். அதற்காகத் தினமும் அந்தப் பொடியைக் கிளப்பி மூச்சில் வாங்கியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

"டாக்டர் கேக்கும்போதாவது சொல்லியிருக்கலாம்லா? அறிவிருக்கா ஒனக்கு?"

"ஒங்க முன்னால எப்படிச் சொல்ல?" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். டீ எடுக்க வந்த பல்லவி வாசலிலேயே நின்றுவிட்டு, மராத்தியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஊருக்குத் திரும்பியதும், அதாவது சுனாபட்டிக்குத் திரும்பியதும், பத்தாவது மாடிக்குப் போய் ஹன்ஸாபென்னிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கதவைப் பாதி திறந்து, என் மனைவியை பெஹன் என்று சொல்லி, எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

7

போன வாரம் அமாவாசை. இப்போது நானும் முலுண்டில்தான் இருக்கிறேன். சோறு வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சொர்ணம் விடவில்லை. "மாமா என்ன பாவம் பண்ணாவ? கீழ காம்பவுண்டு சுவர்ல வச்சிட்டு வாங்க, ஜன்னல்ல வேண்டாம்," என்றாள். எங்கள் பேச்சு எவ்வளவு புரிந்ததோ, பல்லவி ஒரு வாழை இலைத் துண்டை எடுத்து நீட்டினாள். அவர்கள் வீட்டிலும் காக்காய்க்கு வைப்பார்களாம்.

கீழே வாதாம் மரத்தடியில், சுவர் மேல் இலையை வைத்துக் கூப்பிட்டேன். இந்த முறை திரும்பி நிற்கவில்லை. வழக்கம் போனால் போகட்டும் என்று கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு காக்காய், கழுத்து சாம்பல் நிறம், மரத்திலிருந்து இறங்கி, தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாய் நிறைய எடுத்துக்கொண்டு போயிற்று. என் கண்ணால் பார்த்தேன். இரண்டு மாடியை நான் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

"சொர்ணம், எடுத்துட்டு! காக்கா எடுத்துட்டு!"

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "மாமா வந்துட்டாவ. கையக் கழுவிட்டு உக்காருங்க."

"நெசமாவே காக்கா. நின்னு பாத்தேன்."

"நான் இல்லன்னா சொன்னேன்?"

அவள் முகத்தையே பார்த்தேன். மூன்று வருடம் பொய்யாகச் சொன்னபோதும் இதே முகம்தான் இருந்திருக்கும். உண்மைக்கென்று தனியாக ஒரு முகம் இவளிடம் இருக்கிறதா, அது எப்படி இருக்கும், முப்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவனுக்குத் தெரியவில்லை. அவள் நம்பினாளா, எனக்காகத் தலையாட்டினாளா என்று யோசித்துக்கொண்டே கை கழுவப் போனேன். குழாயடியில் நிற்கும்போது அவள் இருமுகிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நின்றது. தண்ணீரை மூடிவிட்டு மேலும் வருகிறதா என்று காது கொடுத்தேன்.

திரும்பி வந்து தட்டின் முன் உட்கார்ந்தேன். மூன்று மாதம் முடிகிறது, வருகிற திங்கட்கிழமை மறுபடி படம் எடுக்க வேண்டும்.

"இருமல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"முன்னைக்கு எவ்வளவோ தேவல," என்றாள் சொர்ணம், என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே. "எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிடுங்க."